டவர் ஃபுல்லா இருக்கு, லைன் கிடைக்கல: குலசை தசராவும் செல்போன் தலைமுறைகளும்

2008 தசரா. குலசேகரன்பட்டினம் கடற்கரையில் சூரசம்ஹாரம் முடிந்து கூட்டம் கலைகிற நேரம். நள்ளிரவு தாண்டிவிட்டது. எங்கள் குழுவோடு வந்த சித்தி மகனைக் காணோம். பதினோரு வயசுப் பையன். குரங்கு வேஷம்.

குலசைக்குப் போனவர்களுக்கு இதில் உள்ள சிக்கல் உடனே புரியும். முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு காளி, குறவன், போலீஸ், பிச்சைக்காரர், குரங்கு என்று ஆளாளுக்கு ஒரு வேஷம் கட்டி, தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்ட ஊர்களிலிருந்து குழுக் குழுவாக வந்து குவிகிற ராத்திரி அது. லட்சக்கணக்கில் கூட்டம். "அண்ணாச்சி, குரங்கு வேஷம் போட்ட சின்னப் பையனப் பாத்தியளா?" என்று ஒருவரிடம் கேட்டேன். அவர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எந்தக் கொரங்குடே?" என்றார்.

கையில் போன் இருந்தது. திரையில் எல்லாக் கோடும் நிறைந்து நின்றது. சித்தப்பாவுக்கு அடிக்கிறேன், "கீ கீ கீ" என்று மூன்று தடவை கத்திவிட்டுக் கட்டாகிறது. திரும்ப அடிக்கிறேன், அதே சத்தம். முப்பது நாற்பது தடவை அடித்திருப்பேன். ஒண்ணரை மணி வாக்கில் பந்தல் பக்கம் நடந்து போனபோது பையன் சித்தப்பா தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். "மெசேஜ் அனுப்பினேனே, வரலையா?" என்றார். அந்த மெசேஜ் விடிகாலை மூன்று மணிக்கு, நாங்கள் உடன்குடி தாண்டிய பிறகு, வந்து சேர்ந்தது. அனுப்பிய நேரம் 12:50 என்று போட்டிருந்தது.

சிக்னல் முழுசாக இருக்கும்போது ஏன் பேச முடியவில்லை? பேச முடியாத இடத்தில் மெசேஜ் மட்டும் எப்படிக் கிளம்பியது? கிளம்பியது ஏன் இரண்டு மணி நேரம் கழித்து வந்தது? இந்த மூன்று கேள்விக்கும் விடை தேடிப் போனதில் 1ஜி முதல் 5ஜி வரையான கதை கிட்டத்தட்ட முழுவதும் வந்துவிட்டது. நம் ஊரில் "டவர் கிடைக்கல" என்ற ஒரே சொல்லில் வேறு வேறு வியாதிகளைச் சொல்கிறோம். டவர் தூரமாக இருப்பது ஒரு வியாதி. டவர் பக்கத்திலேயே இருந்தும் அதில் இடம் இல்லாமல் போவது இன்னொன்று. டவருக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் இடையில் உள்ள கேபிளோ மைக்ரோவேவ் இணைப்போ திணறுவது மூன்றாவது. குலசையில் அன்று வந்தது இரண்டாவது வியாதி.

கோடு எதைக் காட்டுகிறது

2ஜி, அதாவது ஜிஎஸ்எம் முறையில், ஒவ்வொரு செல்லும் ஓர் அறிவிப்பு அலைவரிசையை இருபத்து நான்கு மணி நேரமும் முழு சக்தியில் ஒலிபரப்பும். "நான் இன்ன கம்பெனி, இன்ன செல், என்னிடம் பேச வேண்டுமானால் இப்படி வா" என்பதுதான் அதன் சாரம். கோயில் கோபுர விளக்கு மாதிரி. போன் அந்த விளக்கின் வெளிச்சத்தை அளந்து கோடு போடுகிறது. கோயிலுக்குள் கூட்டம் நெரிகிறதா, நடை சாத்தியிருக்கிறதா என்பதைக் கோபுர விளக்கு சொல்லாது. எத்தனை வெளிச்சத்துக்கு எத்தனை கோடு என்பதற்குப் பொது விதியும் கிடையாது. போன் செய்கிற கம்பெனி வைத்ததுதான் கணக்கு.

ஆக, டவருக்கு அடியில் நிற்கிறவனுக்கு எல்லாக் கோடும் இருக்கும், லைன் இருக்காது. இதில் முரண்பாடே இல்லை.

ஒரு டவரில் எத்தனை பேர் பேசலாம்

இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். செல்போனுக்கு முன்பே கார் டெலிபோன் இருந்தது. 1946-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஆரம்பித்தார்கள். ஊருக்கு நடுவில் உயரமான ஒரு கம்பம், பலத்த சக்தி, கைவிரல் விட்டு எண்ணக்கூடிய சில சானல்கள். ஒருவர் ஒரு சானலைப் பிடித்துவிட்டால் அவர் பேசி முடிக்கும்வரை அந்த ஊரில் வேறு யாருக்கும் அது கிடையாது. முப்பது வருஷம் கழித்து, 1976-லும், ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் உள்ள நியூயார்க் வட்டாரத்தில் 12 சானல், 543 சந்தாதாரர்கள். இடம் கேட்டு 3,700 பேர் வரிசையில் நின்றார்கள்.

பெல் ஆய்வகத்தில் டி. எச். ரிங் என்பவர் 1947 டிசம்பரிலேயே இதற்கு மருந்து எழுதி வைத்திருந்தார். கம்பத்தை உயர்த்தாதே, தாழ்த்து. சக்தியைக் கூட்டாதே, குறை. ஊரைத் தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறுகோணங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன நிலையம் வை. இந்த அறைக்குக் கொடுத்த அலைவரிசையை ஒட்டியுள்ள அறைகளுக்குக் கொடுக்காதே, கொஞ்சம் தள்ளி உள்ள அறைக்கு மறுபடி கொடு. இந்த அறைதான் "செல்". தூரமாகக் கேட்க வைப்பதைப் பெருமையாக நினைத்த ரேடியோக்காரர்களிடம், தூரமாகக் கேட்காமல் இருப்பதுதான் லாபம் என்று சொன்ன யோசனை. ஆள் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு நகரும்போது பேச்சு அறுபடாமல் கைமாற்றிவிட வேண்டும். அதற்கான கம்ப்யூட்டர் வசதி வர முப்பது வருஷம் ஆனது. ஜப்பானில் 1979-ல், அமெரிக்காவின் சிகாகோவில் 1983-ல் 1ஜி சேவை வந்தது.

இந்தியா 1ஜி பக்கமே போகவில்லை. நேராக 2ஜி. 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு டெல்லியில் இருந்த அமைச்சர் சுக்ராமோடு பேசியது முதல் அழைப்பு. பெருநகரங்களுக்குத் தனி உரிமம், மற்ற இடங்களுக்குத் தனி உரிமம் என்று வைத்ததால் சென்னை ஒரு வட்டம், மீதித் தமிழ்நாடு இன்னொரு வட்டம். அப்போது வருகிற போனுக்கும் நாம்தான் காசு கட்டினோம். நம்பர் பார்த்துவிட்டு ஓடிப்போய் எஸ்டிடி பூத்திலிருந்து திருப்பி அழைத்தவர்களை எனக்குத் தெரியும். 2002 அக்டோபரில் பிஎஸ்என்எல் வந்தது, 2003-ல் இன்கமிங் இலவசமானது. அதற்குப் பிறகுதான் செல்போன் ஊருக்குள் வந்தது.

1ஜிக்கும் 2ஜிக்கும் இடையில் எனக்கு ஆச்சரியமாக இருந்த ஒரு விஷயம். அமெரிக்க 1ஜியில் ஒரு பேச்சுக்கு ஒரு திசையில் 30 கிலோஹெர்ட்ஸ் அகல அலை. ஜிஎஸ்எம்மில் 200 கிலோஹெர்ட்ஸ் அகலத்தை எட்டுப் பேர் முறை வைத்துப் பயன்படுத்துகிறார்கள். ஒருவருக்கு 577 மைக்ரோ செகண்ட் முறை, பிறகு அடுத்தவர், எட்டுப் பேரும் முடிந்ததும் திரும்ப முதல் ஆள். வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு 25 கிலோஹெர்ட்ஸ். 30-க்கும் 25-க்கும் பெரிய வித்தியாசம் இல்லையே! அப்புறம் எப்படிக் கொள்ளளவு கூடியது? டிஜிட்டல் பேச்சு இரைச்சலைத் தாங்கும். பழைய முறையில் அதே அலைவரிசையை ஏழு செல்லுக்கு ஒருமுறைதான் திரும்பப் பயன்படுத்த முடிந்தது. ஜிஎஸ்எம்மில் நான்குக்கு ஒருமுறை போதும். லாபம் வந்த இடம் அதுதான்.

இப்போது நம் ஊர் டவருக்குக் கணக்குப் போடுவோம். இந்தியாவில் ஒரு கம்பெனிக்கு ஆரம்பத்தில் கொடுத்தது 4.4 மெகாஹெர்ட்ஸ். 200 கிலோஹெர்ட்ஸ் துண்டாக வெட்டினால் 22 துண்டு. நான்கு டவருக்கு ஒரு சுற்று, ஒவ்வொரு டவருக்கும் மூன்று முகம், ஆக 12 முகத்துக்கு இந்த 22 துண்டைப் பங்கு வைக்க வேண்டும். தாராளமாக முகத்துக்கு இரண்டு என்று வைப்போம். இரண்டு துண்டு, எட்டெட்டாகப் பதினாறு முறை. அறிவிப்புக்கு ஒன்று, அழைப்பை ஏற்பாடு செய்யும் வேலைக்கு ஒன்று போனால் மீதி 14.

பதினாலே பேர். டவரின் ஒரு பக்கத்தில் ஒரு கம்பெனிக்கு, ஒரே நேரத்தில். பேச்சைப் பாதித் தரத்துக்குச் சுருக்கினால் இருபத்தெட்டு. குரல் ஏதோ தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்குமே, அது பெரும்பாலும் இந்தச் சுருக்கல்தான்.

இந்தப் 14 முறையை வைத்து எத்தனை வாடிக்கையாளரைச் சமாளிக்கலாம் என்பதற்கு, செல்போனுக்கு வெகு காலம் முன்பே கணக்கு இருக்கிறது. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த ஏ. கே. எர்லாங் 1917-ல் எழுதிய சூத்திரம். அன்னதானப் பந்தி மாதிரி யோசியுங்கள். பதினாலு இலை போட்டிருக்கிறது. வருகிறவர்கள் சொல்லிவைத்து வருவதில்லை. நூறு பேரில் இரண்டு பேருக்கு மேல் இலை இல்லை என்று திரும்பக் கூடாது என்றால், சராசரியாக எட்டு இலைதான் நிரம்பியிருக்கலாம், மீதி திடீர்க் கூட்டத்துக்குக் காத்திருக்க வேண்டும். ஆளுக்கு அந்த மும்முரமான மணி நேரத்தில் ஒண்ணரை நிமிஷம் பேச்சு என்று வைத்தால், ஒரு முகத்துக்கு ஏறத்தாழ 330 பேர். மூன்று முகத்துக்கு ஆயிரம். ஒரு கடற்கரைக் கிராமத்துக்குச் சாதாரண நாளில் இது தாராளம்.

தசரா ராத்திரி? கடற்கரையைப் பார்த்த முகத்தில் அந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர் பத்தாயிரம் பேர் மட்டும் நிற்பதாக வைப்போம். அதே ஒண்ணரை நிமிஷம் என்றால் தேவை 250 இலை. இருப்பது 14. நூறு முயற்சியில் தொண்ணூற்று நான்கு திரும்பிப் போகும். இது ஆளுக்கு ஒரு முறை முயன்றால். ஒருவரும் ஒரு முறையோடு விடுவதில்லை. நானே நாற்பது தடவை அடித்தேன்.

கதவைத் தட்டுகிறவர்கள்

நெரிசல் பேச்சு சானலோடு நிற்பதில்லை. பேச்சு சானல் கேட்பதற்கே முதலில் டவரின் கதவைத் தட்ட வேண்டும். எல்லோருக்கும் ஒரே கதவு, வரிசை கிடையாது. யாருக்குத் தோன்றுகிறதோ அவர் தட்டலாம். இரண்டு பேர் ஒரே கணத்தில் தட்டினால் இரண்டும் குழம்பி டவருக்கு எதுவும் விளங்காமல் போகும். இருவரும் ஏதோ ஒரு நேரம் காத்திருந்து திரும்பத் தட்ட வேண்டும். இந்த முறையின் பெயர் அலோஹா. ஹவாய் தீவுகளில் நார்மன் ஆப்ராம்சன் குழு 1971-ல் கம்ப்யூட்டர்களை ரேடியோவில் இணைக்க இதைத்தான் பயன்படுத்தியது. நேரத்தைத் துண்டு துண்டாக வகுத்து ஒழுங்கு செய்தாலும் இதில் அதிகபட்சம் 37 சதவீத நேரம்தான் உருப்படியாகப் போகும். அந்த எல்லையைத் தாண்டித் தட்டுகிறவர்கள் கூடக் கூட, உள்ளே போகிறவர்கள் கூட மாட்டார்கள், குறைவார்கள். மூச்சு முட்டும் கூட்டத்தில் வாசலே அடைத்துக்கொள்கிற மாதிரி. என் நாற்பது ரீடயலும் இந்த அடைப்பில் என் பங்கு.

கம்பெனிகளிடம் இதற்கு ஒரு தடுப்பு உண்டு, பலருக்குத் தெரியாது. உங்கள் சிம் கார்டுக்குள் 0 முதல் 9 வரை ஓர் எண் எழுதியிருக்கிறது. நெரிசல் மிஞ்சினால் டவர் தன் அறிவிப்பில் "இப்போது 0, 1, 2 எண்காரர்கள் தட்ட வேண்டாம்" என்று சொல்லலாம். கொஞ்ச நேரம் கழித்து அடுத்த மூன்று எண். காவல், மீட்புப் பணி போன்றவற்றுக்கு 11 முதல் 15 வரை தனி வகுப்பு. அவர்களை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் நிறுத்தலாம். பக்கத்தில் நிற்பவனுக்கு அதே கம்பெனியில் லைன் கிடைத்து நமக்குக் கிடைக்காமல் போனால், அது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம், இந்த எண்ணாகவும் இருக்கலாம்.

இப்போது மெசேஜ் விஷயம். எஸ்எம்எஸ் பேச்சு சானலில் போவதில்லை. அழைப்பை ஏற்பாடு செய்யும் சின்ன சானலிலேயே சில நொடியில் போய்விடும். கதவைத் தட்டி உள்ளே போய்விட்டால் போதும், இலை தேவையில்லை. சித்தப்பா தட்டிய ஒரு தட்டு விழுந்துவிட்டது. அங்கிருந்து அது எஸ்எம்எஸ் மையத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. மையம் என் போனைத் தேடியிருக்கும். அதே நெரிசலில் என் பக்கமிருந்து பதில் போயிருக்காது. பிறகு பார்க்கலாம் என்று வைத்துவிட்டு விட்டு விட்டு முயன்றிருக்கிறது. உடன்குடி தாண்டி, காலியான வேறொரு செல்லுக்குள் நான் நுழைந்த பிறகு வந்து விழுந்திருக்கிறது. பேச்சு அப்போதே நடக்க வேண்டும், இல்லாவிட்டால் இல்லை. எஸ்எம்எஸ் காத்திருக்கும். அதுதான் வித்தியாசம்.

அந்த இடத்தின் அளவு 140 பைட். ஆங்கிலத்தில் 160 எழுத்து. தமிழ் யூனிகோடில் 70, அதுவும் கண்ணுக்குத் தெரியும் எழுத்து அல்ல. "வருகிறேன்" என்பது நமக்கு ஐந்து எழுத்து. அதற்குக் கொம்பு, கொக்கி, புள்ளி எல்லாம் தனிக் கணக்கு, ஒன்பது. தங்கிலீஷ் வளர்ந்ததற்கு விசைப்பலகை மட்டும் காரணமில்லை என்று எனக்குத் தோன்றும்.

நம் மக்கள் கண்டுபிடித்த மிஸ்டு காலும் இதே ஓட்டைதான். ஒரு மணி அடித்தால் "வந்துட்டேன்", இரண்டு அடித்தால் "கேட்டுக்கு வா". அழைப்பு எடுக்கப்படாததால் காசு இல்லை. கம்பெனியின் ஏற்பாட்டு சானல் மட்டும் இலவசமாக உழைத்தது.

ஒரே நேரத்தில் எல்லா மேளமும்

3ஜி இந்தக் கணக்கையே மாற்ற நினைத்தது. முறை வைக்காதே, துண்டு போடாதே, எல்லோரும் ஒரே 5 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஒரே நேரத்தில் பேசட்டும், ஒவ்வொருவருக்கும் ஒரு தனிக் குறியீடு கொடு. ரிலையன்ஸ் 2003-ல் கொண்டுவந்த சிடிஎம்ஏ போன்களும் இதே வம்சம்தான். அதில் அலையின் அகலம் குறைவு.

குலசையில் இதை விளக்குவது சுலபம். நூறு தசராக் குழு, நூறு மேளம், எல்லாம் ஒரே நேரத்தில். இருந்தாலும் நம் குழுவின் அடி நமக்குத் தனியாகக் கேட்கும், ஏனென்றால் அந்தத் தாளம் நமக்குத் தெரியும். மற்றதெல்லாம் இரைச்சல். குறியீடு என்பது இந்தத் தாளம். ஆனால் காதுக்குப் பக்கத்தில் ஒருவன் தவுலை ஓங்கி அடித்தால் தூரத்து நம் மேளம் முங்கிப்போகும். அதனால் 3ஜி டவர் ஒவ்வொரு போனிடமும் நொடிக்கு 1,500 தடவை "சத்தத்தைக் கொஞ்சம் குறை, கொஞ்சம் கூட்டு" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. டவருக்குப் பக்கத்தில் இருப்பவனும் தூரத்தில் இருப்பவனும் டவரின் காதில் ஒரே அளவாக விழ வேண்டும்.

இதிலிருந்து ஒரு வினோதம் பிறக்கிறது. கூட்டம் கூடினால் இரைச்சல் கூடும். இரைச்சல் கூடினால் ஓரத்தில் இருப்பவன் எவ்வளவு கத்தினாலும் எட்டாது. அதாவது, கூட்டம் சேரச் சேர செல்லே சுருங்கும், கலைந்தால் விரியும். செல் மூச்சு விடுகிறது என்பார்கள். 2ஜியில் பதினைந்தாவது ஆளுக்கு இலை இல்லை, அவ்வளவுதான். 3ஜியில் யாருக்கும் இலை இல்லை என்று சொல்வதில்லை, ஆனால் பந்தலே சின்னதாகிக்கொண்டு வரும். பிஎஸ்என்எல் 2009-ல் சென்னையில் 3ஜி தொடங்கியது. தனியாருக்கு 2010-ல் ஏலம் நடந்தது. பெரிய காசு கொட்டினார்கள். ஆனால் இன்று அந்த அலைகளைப் பெரும்பாலும் 4ஜிக்குத் திருப்பிவிட்டார்கள். கிழவி 2ஜி மட்டும், பட்டன் போன்காரர்கள் புண்ணியத்தில், இன்னும் உயிரோடு இருக்கிறது.

மில்லி செகண்ட் பந்தி

4ஜியில் பேச்சு சானல் என்ற ஒன்றே கிடையாது. எல்லாம் டேட்டா. 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை 1,200 மெல்லிய இழைகளாகப் பிரித்து, 12 இழையை ஒரு கட்டாகக் கட்டினால் 100 கட்டு. ஒவ்வொரு மில்லி செகண்டும் டவர் உட்கார்ந்து யோசிக்கிறது: இந்த நொடித் துளியில் எந்தக் கட்டு யாருக்கு? யாருக்கு இப்போது அலை நன்றாக வருகிறது, யார் ரொம்ப நேரமாகக் காத்திருக்கிறார் என்று பார்த்துப் பங்கு வைக்கும். பேசாமல் மூச்சு விடுகிற இடைவெளியில் உங்கள் பங்கு வேறொருவருக்குப் போய்விடும். 2ஜியில் நீங்கள் மௌனமாக இருந்தாலும் உங்கள் இலை உங்களுடையது. இங்கே அப்படி இல்லை.

2016 செப்டம்பரில் ஜியோ 2ஜி, 3ஜி எதுவும் இல்லாமல் வெறும் 4ஜியோடு இறங்கியபோது, குரலையும் டேட்டாவாகவே அனுப்பியது. ஒரு பேச்சுக்குத் தேவை சில பத்துக் கிலோபிட்தான். டவருக்கு இது தூசு. அதற்கு முன்னுரிமையும் உண்டு. ஆகவே தசராவில் பேச்சுக் கஷ்டம் தீர்ந்திருக்க வேண்டும்.

பாதி தீர்ந்தது. ஆனால் கூட்டம் செய்கிற வேலையும் மாறிவிட்டது. இப்போது மகிஷாசுரன் தலை விழுகிற அந்த நிமிஷத்தில் ஆயிரக்கணக்கான கைகள் போனைத் தூக்கிப் படம் பிடித்து, அந்த நிமிஷத்திலேயே வாட்ஸ்அப்பில் ஏற்றுகின்றன. இங்கே இரண்டு இடி. ஒன்று, போனின் சக்தி அதிகபட்சம் கால் வாட்டுக்கும் கீழே. டவர் பல பத்து வாட்டில் பேசும். கோடு நிறைய இருந்தால் டவர் பேசுவது உங்களுக்குக் கேட்கிறது என்று அர்த்தம், நீங்கள் பேசுவது அந்த இரைச்சலில் டவருக்குக் கேட்கிறது என்று அர்த்தமில்லை. இரண்டு, 2,300 மெகாஹெர்ட்ஸ் போன்ற பட்டைகளில் ஏற்றமும் இறக்கமும் ஒரே அலையை நேரம் பிரித்துப் பங்கிடுகின்றன, பெரும்பங்கு இறக்கத்துக்கு. வீட்டில் படம் பார்ப்பவர்களை மனதில் வைத்துச் செய்த பங்கு. திருவிழாவில் எல்லோரும் ஏற்றுகிறவர்கள். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கதவைத் தட்டும் முறையும் அதே அலோஹாதான். 4ஜியில் 64 வகைத் தட்டு உண்டு, இருவர் ஒரே வகையைத் தேர்ந்தால் மறுபடி மோதல்.

2022 அக்டோபர் 1 முதல் இந்தியாவில் 5ஜி. 3.3 முதல் 3.67 கிகாஹெர்ட்ஸ் வரையான பட்டையில் அலை நீளம் ஒன்பது சென்டிமீட்டர் அளவுதான், அதனால் ஒரு கதவின் பாதி அளவுப் பலகையில் நூற்றுக்கு மேல் குட்டி ஆன்டெனாக்களை அடுக்கலாம். அவற்றை ஒத்திசைவாக இயக்கினால் அலையை டார்ச் வெளிச்சம் மாதிரி ஒருவரை நோக்கி மட்டும் குவிக்கலாம். அதே அலைவரிசையை, அதே நேரத்தில், இந்தப் பக்கம் ஒருவருக்கும் அந்தப் பக்கம் ஒருவருக்கும் கொடுக்கலாம். செல்லுக்குள்ளேயே செல். ரிங் 1947-ல் சொன்ன யோசனையின் பேரன்தான் இதுவும்.

குலசைக் கடற்கரையில் இது எவ்வளவு உதவும்? என் ஊகம், நகரத்தில் உதவுகிற அளவுக்கு இல்லை. டார்ச்சுகள் வேலை செய்ய ஆட்கள் வேறு வேறு திசையில் இருக்க வேண்டும், அல்லது சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஆளுக்கு ஆள் வேறுபட வேண்டும். இங்கே தட்டையான மணல், திறந்த கடல், தோளோடு தோள் உரசி நிற்கும் கூட்டம். டவரிலிருந்து பார்த்தால் ஆயிரம் பேரும் ஒரே திசை. அதனால்தான் இந்த மாதிரி இடங்களுக்கு இன்றும் பழைய மருந்தே நல்ல மருந்து: பத்து நாளைக்கு லாரியில் கொண்டுவந்து நிறுத்தும் தற்காலிக டவர்கள், தாழ்வாக, பக்கம் பக்கமாக. செல்லைச் சின்னதாக்கு.

கடலுக்குள் போனால் கதை தலைகீழ்

அதே கடற்கரையிலிருந்து கிழக்கே படகில் போங்கள். இப்போது டவர் காலி, நீங்கள் ஒருவர்தான். இடம் ஏராளம், தூரம்தான் வில்லன். ஜிஎஸ்எம்மில் முறை வைத்துப் பேசுவதால், தூரத்து போனின் அலை தாமதமாக வந்து அடுத்தவன் முறைக்குள் நுழைந்துவிடக் கூடாது. அதனால் டவர் "நீ இத்தனை முன்கூட்டியே பேசு" என்று போனுக்குச் சொல்லும். அந்த எண் 0 முதல் 63 வரைதான் போகும். ஒவ்வொரு படியும் சுமார் 550 மீட்டர். பெருக்கினால் 35 கிலோமீட்டர். அதற்கு அப்பால் அலை தெளிவாகக் கேட்டாலும், சாதாரண ஜிஎஸ்எம் செல் உங்களைச் சேர்த்துக்கொள்ளாது. பூமியின் வளைவும் ஏறத்தாழ அங்கேயே கையை விரிக்கும். 40 மீட்டர் டவரும் படகில் 3 மீட்டர் உயரத்தில் போனும் ஒன்றையொன்று பார்ப்பது முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான்.

இது வெறும் கணக்கு விஷயம் இல்லை என்பதை 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் காட்டியது. குமரியிலிருந்து ஆழ்கடலுக்குப் போய்ப் பல நாள் தங்கி மீன்பிடிப்பவர்கள் அந்த எல்லைக்கு வெகு அப்பால் இருந்தார்கள். கரையில் எல்லோர் கையிலும் போன் இருந்தது. கூப்பிட முடியவில்லை. அதற்குப் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை வாங்கும் கருவிகளும், படகில் பொருத்தும் டிரான்ஸ்பாண்டர்களும் மீனவர்களுக்கு வரத் தொடங்கின.

செயற்கைக்கோள் என்றதும் குலசைக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு இங்கே 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே துருவப் பாதைக்கு ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டும், அதில் எரிபொருள் வீண். குலசையிலிருந்து நேர் தெற்கே கடல்தான். சுமார் 500 கிலோ எடையைத் தூக்கும் எஸ்எஸ்எல்வி போன்ற சின்ன ராக்கெட்டுக்கு இந்த மிச்சம் பெரிய விஷயம்.

சாதாரண போனோடு நேரடியாகப் பேசும் செயற்கைக்கோள்கள் உலகத்தில் வந்துகொண்டிருக்கின்றன. ஊரில் இதைப் பற்றிப் பேச்சு வந்தால், "இனிமே டவரே வேண்டாமாமே, தசராவுக்குக் கூட லைன் கிடைக்குமாமே" என்பார்கள். மீனவருக்கு அது வரம். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு "மழை, திரும்பி வா" போதும். தசராவுக்கு அது உதவாது. வானத்திலிருந்து விழும் ஒரு கதிர் தரையில் பல பத்துக் கிலோமீட்டர் அகலத்துக்கு விரியும். திருச்செந்தூரும் குலசையும் மணப்பாடும் உடன்குடியும் சேர்ந்து ஒரே செல். 1946-ல் செயின்ட் லூயிஸில் நட்ட ஒற்றைக் கம்பம், இன்னும் உயரத்தில்.

எங்கள் குழுவில் 2009-லிருந்து ஒரு வழக்கம். காப்பு கட்டும்போதே சித்தப்பா எல்லோருக்கும் சொல்லிவிடுவார்: தொலைந்தால் போனை எடுக்காதே, பந்தலுக்கு வடக்கே அந்தப் பனையடியில் வந்து நில்லு. பிள்ளைகளுக்கு வேஷத்துக்கு மேலே மஞ்சள் ரிப்பன். அவசரம் என்றால் ஒரே ஒரு எஸ்எம்எஸ், திரும்பத் திரும்ப அடிக்கக் கூடாது. போன வருஷம் குரங்கு வேஷக்காரனின் மகன் காளி வேஷம் கட்டினான். கூட்டத்தில் கொஞ்ச நேரம் காணாமல் போய், பனையடியில் நின்று பொரி தின்றுகொண்டிருந்தான்.